பச்சை பிக்கப்புக்கு ஒயர் இழுத்தவள்

டிராக்டருக்குப் பின்னால் கயிறு கட்டி இழுபட்டு அந்த பிக்கப் வண்டி வாசலுக்கு வந்தபோது சசிரேகா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வண்டியை நிறுத்த வேறு இடமில்லை. அதனால் தமிழ்வாணன் டிராக்டரிலிருந்து குதித்ததும் செய்த முதல் காரியம், அவள் அப்போதுதான் உதறிப்போட்ட புடவையோடு சேர்த்துக் கொடியை அவிழ்த்ததுதான்.

"இன்னா மாமா இது?"

"பிக்கப்பு."

"அது தெரியுது. நம்ம வூட்டு வாசல்ல இன்னா பண்ணுது?"

தமிழ்வாணன் புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு வண்டியையே பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றான். ஒரகடத்துக் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் பஸ் ஓட்டுகிறவன் அவன். மணிமங்கலத்திலிருந்து போகும் வழியில், மூடிக்கிடந்த ஓர் அரிசி ஆலைக்குப் பின்புறம் இந்த வண்டி நிற்பதைப் பல வருஷமாகப் பார்த்துக்கொண்டே போயிருக்கிறான். ஆலையை இடிக்கப்போகிறார்கள் என்று காதில் விழுந்ததும் போய்க் கேட்டான். இடம் காலியானால் போதும், எடுத்துக்கொண்டு போ என்று சொல்லிவிட்டார்கள்.

அறுபதுகளில் செய்த வண்டி. உருண்டு புடைத்த மட்கார்டு. நடுவில் கம்பி வைத்து இரண்டாகப் பிரித்த முன்கண்ணாடி. துரு தின்றது போக மிச்சமிருந்த இடத்தில் நல்ல மாவிலைப் பச்சை. எஞ்சின் மட்டும் தண்ணீர் புகுந்து இறுகி, கல்லாகக் கிடந்தது.

எதிர்வீட்டு அண்ணாதுரை கறிக்கோழிக் கடை வைத்திருக்கிறவர். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். "தமிழு, இது ஓட்டறதுக்கா, இல்ல கோழி அடைக்கறதுக்கா? கோழிக்குன்னா சொல்லு, நான் எடுத்துக்கறேன். காத்து நல்லா வருது."

"ஓட்டறதுக்குத்தான் நைனா. ஆயுத பூசைக்கு நம்ம தெருவுல எல்லா வண்டியும் நிக்கும்ல, அன்னிக்கு இது தானா ஓடிவந்து நிக்கும், பாரு."

சசிரேகா அன்று முழுக்க அவனோடு பேசவில்லை. ஈரத் துணியை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போவதும் வருவதுமாக இருந்தாள். ஒவ்வொரு தடவை கீழே இறங்கும்போதும் அந்த வண்டியை ஒரு முறை முறைத்தாள்.

தமிழ்வாணன் சும்மா இருக்கவில்லை. எஞ்சின் மாற்ற ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நடையாய் நடந்து அனுமதி வாங்கினான். புதுப்பேட்டைக்குப் போய், விபத்தில் நொறுங்கிய ஒரு பெட்ரோல் வேனின் எஞ்சினைக் கியர்பாக்ஸோடு தூக்கிக்கொண்டு வந்தான். படப்பை மெக்கானிக் ஒருவர் தாங்கிகளை வெட்டி ஒட்டி, பாங்காக அதை உட்காரவைத்தார். பானெட்டுக்குள் எஞ்சின் கச்சிதமாக உட்கார்ந்ததும் தமிழ்வாணன் பாதி வேலை முடிந்தது என்று குதித்தான். மெக்கானிக்தான் அவன் குதிப்பை நிறுத்தினார்.

"தமிழு, இதுவரைக்கும்தான் நம்ம வேல. கார்புரேட்டர் எஞ்சின்னா நாலு ஒயர்ல ஓடவெச்சிருப்பேன். இது இஞ்செக்டர். ஒவ்வொரு சொட்டு பெட்ரோலையும் கம்ப்யூட்டர் சொன்னாத்தான் உள்ள வுடும். அந்தச் சாக்கைத் திறந்து பார்த்தேன், தல சுத்துது. வேற ஆளப் பாரு."

அந்தச் சாக்கு வாசலில் கிடந்தது. பழைய வேனிலிருந்து எஞ்சினைப் பிடுங்கியவர்கள் அதன் ஒயர்களையும் இஷ்டத்துக்கு வெட்டி ஒரு சிமென்ட் சாக்கில் திணித்துக் கொடுத்திருந்தார்கள். முதல் ஷிப்ட் முடிந்து வந்த சசிரேகா, குப்பை என்று நினைத்து ஓரமாக இழுத்துப் போடத்தான் அதைத் தொட்டாள். வாய் அவிழ்ந்து ஒயர்கள் வெளியே சரிந்தன. ஊதாவில் வெள்ளைக் கோடு, மஞ்சளில் பச்சைக் கோடு, சாம்பல் நிறக் கனெக்டர், கறுப்பு கனெக்டர். குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். கைப்பையைக் கழற்றிக் கீழே வைத்தாள். பிறகு எழுந்திருக்கவே இல்லை.

அவள் வேலை செய்வது ஒரகடத்தில், கார்களுக்கு ஒயர்க்கட்டு தயாரிக்கும் ஒரு கம்பெனியில். லைனில் அவளுக்கு ஒதுக்கப்பட்டது பின்பக்க இடது கதவுக்குப் போகிற கட்டு. ஆணி அடித்த பலகையில் ஒயர்களை ஓடவிட்டு, கனெக்டர் மாட்டி, டேப் சுற்றி அனுப்புவாள். எட்டு வருஷமாக அதே இடது கதவுதான். அந்தக் கட்டு எந்தக் காருக்குள் போய் எந்தக் கண்ணாடியை ஏற்றி இறக்குகிறது என்று அவள் பார்த்ததில்லை. ஒயரின் ஒரு முனை எங்கே தொடங்குகிறது என்பது அவளுக்கு முந்தி நிற்பவளின் வேலை, மறுமுனை என்ன ஆகிறது என்பது கேட்டைத் தாண்டிப் போய்விட்ட சங்கதி. இப்போது அவள் காலடியில் ஒரு வண்டிக்கு வேண்டிய அத்தனை ஒயரும் தலை வால் தெரியாமல் கிடந்தன. அவற்றைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு விரல் நமைச்சல் எடுத்தது.

"மாமா," என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். வண்டி வந்ததிலிருந்து முகம் கொடுத்துப் பேசாதவள் தானாகவே கூப்பிட்டதில் தமிழ்வாணன் பயந்துபோய் ஓடிவந்தான். "பரண்மேல கட்டில் பலகை ஒண்ணு கீதே, அத்த எறக்கு. ஆணி டப்பாவையும் எடுத்துக்கினு வா."

மாடி அறையில் வாடகைக்கு இருந்த கவியா, சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தாள். கோவில்பட்டிப் பெண். கார் கம்பெனி ஒன்றில், செய்து முடித்த காரை வெளியே விடும் முன் அதில் ஸ்கேனரைச் செருகி எல்லாம் சரியாகப் பேசுகிறதா என்று சோதிப்பது அவள் வேலை. இரண்டு வருஷமாக ஒரே வீட்டில் இருந்தும், தண்ணீர் மோட்டார் போடுவது பற்றியும் பால் பாக்கெட் பற்றியும் தவிர அவர்கள் வேறெதுவும் பேசிக்கொண்டதில்லை.

"என்னக்கா, இஞ்செக்டர் எஞ்சினோட ஒயர்க்கட்டா?" என்று கேட்டபடி இறங்கி வந்தாள். "இது கிராங் சென்சார் கனெக்டர்லா? ஐய, வெட்டிப்புட்டானுவளே!"

"உனக்குத் தெரியுமாடி?"

"எனக்கு இதுக கூடப் பேசத் தெரியும். கட்டத் தெரியாதுக்கா."

"எனக்குக் கட்டத் தெரியும்," என்றாள் சசிரேகா.

அன்றிலிருந்து வீட்டு வேலையெல்லாம் தமிழ்வாணன் தலையில் விழுந்தது. ஷிப்ட் முடிந்து வந்ததும் இரண்டு பேரும் வாசலில் உட்கார்ந்துவிடுவார்கள். அந்த வேனின் ஒயரிங் படத்தை இணையத்தில் துழாவிப் பிடித்து, ஜெராக்ஸ் கடையில் பெரிய தாளில் எடுத்துவந்தாள் கவியா. அவள் படத்தைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, சசிரேகா கட்டில் பலகையில் ஆணி அடித்தாள். வேனில் முன்பக்கம் இருந்த கம்ப்யூட்டர் பெட்டி இங்கே டாஷ்போர்டுக்கு அடியில் வந்துவிட்டதால் சில ஒயரை நீட்ட வேண்டியிருந்தது, சிலதைக் குறுக்க வேண்டியிருந்தது. அளவுக்கு ஒரு சணல் கயிற்றை எடுத்துக்கொண்டு வண்டிக்கும் பலகைக்கும் நடுவில் அவள் ஓடிக்கொண்டே இருந்தாள்.

கவியாவுக்கு அவசரம். "சும்மா முறுக்கி டேப் சுத்தி விடுக்கா, ஓடுதான்னு பாத்துட்டுப் பெறகு கட்டிக்கிடலாம்," என்பாள்.

"என் கைல முறுக்கு ஜாயின்ட் வராது. நாளைக்கு ரோட்டுல நின்னுச்சுன்னா நீயா வந்து தள்ளுவ?" என்று சசிரேகா ஒவ்வொரு முனைக்கும் டெர்மினல் போட்டு, பிடித்து இழுத்துப் பார்த்த பிறகுதான் அடுத்ததைத் தொடுவாள்.

ஒருநாள் சாயங்காலம் நல்லவேளையாக ஒரு விபத்து தப்பியது. தமிழ்வாணன் புது பேட்டரியைக் கொண்டுவந்து, வண்டியில் ஏற்கெனவே தொங்கிய பழைய கேபிள்களுக்கு ஏற்றபடி மாட்டிவிட்டான். கம்ப்யூட்டர் பெட்டியின் கனெக்டரைச் சசிரேகா செருகப்போனாள்.

"அக்கா, கைய எடு!" என்று கவியா போட்ட கூச்சலில் அண்ணாதுரையின் கடைக் கோழிகள்கூட ஒரு கணம் சத்தத்தை நிறுத்தின.

அந்தக் காலத்து வண்டிகள் சிலதில் பேட்டரியின் பிளஸ்ஸைத்தான் பாடியோடு இணைத்திருப்பார்கள். இந்தக் காலத்தில் மைனஸ். அப்படியே செருகியிருந்தால் பெட்டி புகைந்துபோயிருக்கும், மொத்த உழைப்பும் மண்ணாகியிருக்கும். சசிரேகா கையை உதறிக்கொண்டு சற்று நேரம் படியில் உட்கார்ந்தாள். பிறகு பழைய கேபிள் இரண்டையும் வேரோடு பிடுங்கி எறிந்துவிட்டுப் புதிதாக இழுத்தாள். தமிழ்வாணன் யாரும் கேட்காமலே எல்லோருக்கும் டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல்முறையாக ஸ்டார்ட் செய்து பார்ப்பதென்று முடிவானது. தெருவே கூடிவிட்டது. தமிழ்வாணன் குளித்து, விபூதி பூசி, ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தான். பழைய வண்டியின் ஸ்விட்சையே ஸ்டார்ட்டருக்கு வைத்திருந்தார்கள். திருகினான்.

எஞ்சின் இரண்டு உறுமு உறுமிப் பற்றிக்கொண்டது. ஜனங்கள் கை தட்டத் தொடங்கினார்கள். தட்டி முடிப்பதற்குள் எஞ்சின் நின்றுவிட்டது.

மறுபடி திருகினான். பற்றியது, நின்றது. மறுபடியும். அதே கதை.

"விக்கல் கீதுபோல, தண்ணி குடுங்கப்பா," என்றார் அண்ணாதுரை.

தமிழ்வாணன் ஸ்டீயரிங் மேல் நெற்றியைச் சாய்த்துக்கொண்டான். கவியா தன் போனை வண்டியோடு இணைத்து விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். "அக்கா, உங்க ஒயர்ல ஒரு தப்பும் இல்ல. எல்லாச் சென்சாரும் பேசுது. இத மட்டும் பாருங்க." டாஷ்போர்டில் அவள் பொருத்தியிருந்த சின்ன விளக்குகளில் ஒன்று, சாவிப் படம் போட்டது, சிமிட்டிக்கொண்டே இருந்தது. "திருடன் எடுத்துட்டுப் போவாம இருக்க, சாவிக்குள்ள ஒரு சிப் வெச்சிருப்பாங்க. இந்தக் கம்ப்யூட்டருக்கு அதோட சொந்தச் சாவி வேணும். அது பக்கத்துல இல்லன்னா ரெண்டு செகண்டுல நிறுத்திப்புடும். புதுப்பேட்டைல நான் சொல்லி, சாவியப் படிக்குற வளையத்தையும் அதோட பெட்டியையும் வாங்கியாந்தோம். சாவியத்தான் யாரும் நெனைக்கல."

எல்லோர் முகமும் தொங்கிப்போனது. சசிரேகா மட்டும் சிரித்துக்கொண்டிருந்தாள். தமிழ்வாணனுக்குக் கோபமே வந்துவிட்டது. "இன்னா சிரிப்பு உனக்கு?"

"ஓடுச்சு மாமா! ரெண்டு செகண்டு ஓடுச்சுல்ல? நான் கட்டுனது ஓடுச்சு!"

புதுப்பேட்டைக் கடைக்காரருக்குப் போன் போட்டார்கள். சாவி தனக்கு வரவே இல்லை என்றார். கம்ப்யூட்டரை அனுப்பினால் அந்தப் பூட்டையே அழித்துத் தர ஆள் உண்டு, ஆனால் பெட்டி செத்துப்போனால் பொறுப்பில்லை என்றும் சொன்னார். சசிரேகாவுக்கு அது பிடிக்கவில்லை. "அண்ணே, அந்த வேன் யாருதுன்னு தெரியுமா?" என்று கேட்டாள். அவர் தனக்கு விற்ற புரோக்கரைக் கேட்டார், புரோக்கர் யாரையோ கேட்டார். மறுநாள் பதில் வந்தது. படப்பையில் கம்பெனிப் பெண்களுக்கு ஹாஸ்டல் நடத்தும் ஷெர்லின் என்ற அம்மாவின் வேன்.

வீட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் போகிற தூரம்தான். போனில் ஷெர்லின், "அந்த வண்டிப் பேச்சு எனக்கு வேண்டாம்," என்று வைத்துவிட்டார். சசிரேகா கவியாவையும் அழைத்துக்கொண்டு நேரிலேயே போய் நின்றாள்.

ஐம்பதைத் தாண்டிய அம்மா. மார்த்தாண்டத்துக்காரர். ஹாஸ்டல் சமையல்கட்டில் மூட்டைக் காய்கறியைப் பிரித்துக்கொண்டிருந்தார். அந்த வேனில்தான் தினமும் அவரே மார்க்கெட் போய்வருவாராம். பெண்களை ஷிப்டுக்கு விடுவதும் அதில்தான். ஒருநாள் சந்திப்பில் நின்றபோது பின்னால் வந்த லாரி நிற்காமல் இடித்துவிட்டது. நல்லகாலம், வண்டியில் அவர் மட்டும் இருந்தார். தோள் எலும்போடு போயிற்று. வண்டி போயே போய்விட்டது.

"அதுக்குப் பெறவு நான் ஸ்டீயரிங் தொட்டதில்ல மக்ளே. ஷேர் ஆட்டோவில போறேன், வாறேன். அது தீந்துபோன காரியம். நீங்க போங்க."

சசிரேகா வாதாடவில்லை. போனை எடுத்து, ஞாயிற்றுக்கிழமை யாரோ எடுத்த வீடியோவைப் போட்டாள். இரண்டு உறுமல், பற்றிக்கொண்ட எஞ்சின், கைதட்டல், அமைதி.

ஷெர்லினின் கை கத்தரிக்காய் மேல் அப்படியே நின்றது.

"இன்னொரு தடவை போடு."

போட்டாள்.

"எனக்க வண்டிதான்," என்றார் ஷெர்லின். "ஸ்டார்ட் ஆவும்போ ஒரு செருமல் வரும், கேட்டியா? காலம்பற எழும்பின ஆளு மாதிரி. அது உசிரோட இருக்கா?"

"இருக்குதும்மா. உங்க சாவியத் தேடுது."

இன்சூரன்ஸ்காரர்கள் கேட்டபோது ஒரு சாவிதான் கிடைத்தது, இரண்டாவது தொலைந்துவிட்டது என்று ஷெர்லின் எழுதிக்கொடுத்திருந்தார். பல மாதம் கழித்துத் தையல் மிஷின் டிராயரில் பாபினுக்கு அடியில் அகப்பட்டதாம். போய் எடுத்துக்கொண்டு வந்தார். சசிரேகா கை நீட்டினாள். ஷெர்லின் கொடுக்கவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டார்.

"தரமாட்டேன். நானே கொண்டுவாறேன். அது ஓடுறத நான் பாக்கணும்."

ஆயுத பூஜை அன்று காலையில் தெருவில் இரண்டு பக்கமும் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. பைக்குகள், ஆட்டோ, அண்ணாதுரையின் கோழி வண்டி, கம்பெனியில் அனுமதி கேட்டுத் தமிழ்வாணன் கொண்டுவந்திருந்த அவன் பஸ். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. பொரியும் கடலையும் தட்டுத் தட்டாகப் போய்க்கொண்டிருந்தது. பிக்கப்பை மட்டும் யாரும் தொடவில்லை. அது ஓடிவந்துதான் வரிசையில் நிற்க வேண்டும் என்பது தமிழ்வாணனின் பிடிவாதம்.

ஷேர் ஆட்டோவிலிருந்து ஷெர்லின் இறங்கினார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவர் மாதிரி வெளுத்த புடவை. பச்சை வண்டியைக் கண்டதும் வாயில் கை வைத்தார். "இதுக்குள்ளயா எனக்க எஞ்சின்? மூதாட்டிக்குப் பேத்தியோட நெஞ்சு வெச்ச மாதிரில்லா இருக்கு!"

கவியா டாஷ்போர்டில் மாட்டியிருந்த வளையத்தைக் காட்டினாள். ஷெர்லின் முடிச்சை அவிழ்த்துச் சாவியை அதற்குள் நுழைத்தார். சாவிப் பட விளக்கு ஒரு தடவை எரிந்தது, அணைந்தது. சிமிட்டவில்லை. தமிழ்வாணன் ஸ்விட்சைத் திருகினான்.

செருமல். பற்றியது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நிற்கும் நிற்கும் என்று பார்த்தால் நிற்கவில்லை. முதலில் வேகமாக இரைந்து, பிறகு தணிந்து, சீராக ஓடிக்கொண்டே இருந்தது. சசிரேகா மட்கார்டில் உள்ளங்கையை வைத்தாள். தகரத்துக்கு அடியில் மெல்லிய அதிர்வு ஏறி அவள் முழங்கை வரை வந்தது. எந்த ஒயர் எங்கே போகிறது, எங்கே திரும்புகிறது, எந்த இஞ்செக்டரை எது திறக்கிறது, எல்லாம் அவளுக்குத் தெரியும். தலையிலிருந்து வால் வரை ஒரு வண்டி முழுசும் அவளுக்குத் தெரியும். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வர, கவியாவைக் கட்டிப்பிடித்துத் தூக்கிச் சுற்றினாள். "எறக்கி விடுக்கா, விழுந்துருவேன்!" என்று கத்தினாள் அவள்.

அண்ணாதுரைகூடத் தன் கோழி வண்டிக்கு வைத்திருந்த மாலையைக் கழற்றிக்கொண்டு வந்து பிக்கப்பின் முன்னால் போட்டார். "கோழி வண்டிக்கு வேற வாங்கிக்கலாம்," என்றார்.

தமிழ்வாணன் கதவைத் திறந்து கீழே இறங்கினான். தன்னை ஏறச் சொல்கிறானோ என்று சசிரேகா நினைத்தாள். அவன் ஷெர்லினைப் பார்த்து, "அம்மா, எஞ்சின் உங்களுது. முதல்ல நீங்க எடுங்க," என்றான்.

"ஐயோ, எனக்கு வேண்டாம்ப்பா."

"பக்கத்துல நான் உக்கார்றேன்மா," என்றாள் சசிரேகா. "ஒண்ணும் ஆவாது. ஒயர் கட்டுனவ நானு. மெதுவாப் போலாம்."

ஷெர்லின் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, மெல்ல ஏறி உட்கார்ந்தார். கியரைப் போட்டார். யாரோ அவசரமாகச் சக்கரத்தின் கீழ் வைத்த எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. வண்டி நகர்ந்தது. தெரு முனை வரைதான் என்று பேச்சு. தெரு முனை வந்தது, அவர் நிறுத்தவில்லை. பின்னால் தொட்டியில் தாவி ஏறியிருந்த தமிழ்வாணனும் கவியாவும் தகரத்தைத் தட்டிக் கத்தினார்கள். மெயின் ரோட்டில் ஏறியதும் அந்த அம்மாவின் தோள் தளர்ந்து, முகம் மலர்ந்தது. லீவு நாளானதால் கம்பெனி பஸ்களின் நெருக்கடி இல்லை. எதிரே பைக்கில் வந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவன் போனில் படம் எடுத்துக்கொண்டே கூட வந்தான்.

"எங்கம்மா போறோம்?" என்று கேட்டாள் சசிரேகா.

"ஏரி பாத்து ரொம்ப நாளாச்சு," என்றார் ஷெர்லின்.

செம்பரம்பாக்கம் ஏரிக்கரை கண்ணுக்குத் தெரிந்தபோதுதான் மழை பிடித்தது. ஐப்பசி மழை, சொல்லிக்கொள்ளாமல் கொட்டியது. முன்கண்ணாடி வெள்ளையாகிவிட்டது. ஷெர்லின், "வைப்பர் போடு, வைப்பர் போடு!" என்றார். சசிரேகா டாஷ்போர்டைப் பார்த்தாள். எஞ்சினுக்கு, விளக்குக்கு, ஹாரனுக்கு, எல்லாவற்றுக்கும் ஒயர் இழுத்திருந்தாள். அவளுக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது.

"வைப்பருக்கு நான் ஒயரே இழுக்கலம்மா!"

ஷெர்லினும் சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பில் வண்டியை ஓரங்கட்ட முடியாமல் ஊர்ந்து போய், கரையோரத்தில் தகரக் கூரை போட்ட ஒரு பஜ்ஜிக் கடைக்கு முன்னால் நிறுத்தினார். பின்னாலிருந்து தொப்பல் தொப்பலாக நனைந்த இரண்டு பேர் குதித்தார்கள். கவியாவின் பல் தந்தியடித்தது. தமிழ்வாணன் தன் வேட்டி நுனியால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, பெருமையோடு தள்ளி நின்று வண்டியைப் பார்த்தான். மழையில் கழுவப்பட்டு அதன் பச்சை பளபளத்தது.

கடைக்காரர் சூடான மிளகாய் பஜ்ஜியை வாழையிலைத் துண்டில் வைத்துக் கொடுத்தார். தமிழ்வாணன் ஒன்றைத் தின்று முடித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு, "மழை விட்டதும் நான் ஓட்டிக்கினு வர்றேன், நீங்க ரெஸ்ட் எடுங்கம்மா," என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தான்.

ஷெர்லின் வாயில் பஜ்ஜியை வைத்துக்கொண்டே தலையை ஆட்டி மறுத்தார்.

"போறப்பவும் நான்தான்," என்றார்.